ஓயாத பதிவர்களும் நிரம்பி வழியும் டைம்லைனும்

சமூக ஊடகத்தில் ஒருவர் 200 பேரைப் பின்தொடர்கிறார் என்று கொள்வோம். அவர்களில் 190 பேர் இரண்டு நாளுக்கு ஒரு பதிவு போடுபவர்கள். மீதிப் பத்துப் பேர் நாளுக்கு 30 பதிவு போடுபவர்கள். ஒரு நாளில் அவருடைய டைம்லைனில் வந்து விழுபவை 395 பதிவுகள். அவற்றில் 300 அந்தப் பத்துப் பேருடையவை. பின்தொடரப்படுவோரில் நூற்றுக்கு ஐந்து பேராக இருப்பவர்கள் இடத்தில் நூற்றுக்கு எழுபத்தாறு பங்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். பந்தியில் ஆளுக்கு ஓர் இலை போடுவது வழக்கம். காலவரிசையில் ஓடும் டைம்லைனிலோ பதிவுக்கு ஓர் இலை. முப்பது முறை வந்து உட்கார்பவருக்கு முப்பது இலை. ஓயாத பதிவர் என்னும் சிக்கலின் வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது. எரிச்சல், சலிப்பு, நட்பு முறிவு எல்லாம் அதன் பிறகு வருபவை.

உண்மை நிலவரமும் இந்தக் கணக்கிலிருந்து வெகுதூரம் விலகியதில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019இல் அந்நாட்டின் வயதுவந்த ட்விட்டர் பயனர்களை ஆராய்ந்தது. அதிகம் எழுதும் 10 சதவீதத்தினரே 80 சதவீத ட்வீட்டுகளை எழுதியிருந்தார்கள். எல்லாரையும் வரிசையில் நிறுத்தினால் சரிபாதியில் நிற்கும் பயனர் மாதத்துக்கு இரண்டே ட்வீட் போட்டிருந்தார். அந்தப் பத்து சதவீதத்தின் நடுவில் நிற்பவர் போட்டது 138. அதே மையம் 2021இல் மறுபடி பார்த்தபோது கால்வாசிப் பேர் 97 சதவீத ட்வீட்டுகளுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தார்கள்.

ஊரில் ஓயாமல் எழுதுபவர்கள் சிலரே என்றால், ஒவ்வொருவர் டைம்லைனிலும் அவர்கள் இத்தனை பேர் எப்படி வந்து சேர்கிறார்கள்? சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991இல் ஒரு விந்தையை விளக்கினார்: பெரும்பாலானோருக்குத் தங்களைவிடத் தங்கள் நண்பர்களுக்கு நண்பர்கள் அதிகம். நிறைய நண்பர்கள் உள்ளவர் நிறைய பேரின் பட்டியலில் இடம்பெறுவதால் இப்படி ஆகிறது. 2013இல் நேதன் ஹோடாஸ், ஃபர்ஷாத் கூட்டி, கிறிஸ்டினா லெர்மன் ஆகியோர் ட்விட்டரில் இதையே பதிவு எண்ணிக்கைக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ஒருவர் பின்தொடர்பவர்கள் பெரும்பாலும் அவரைவிட அதிகம் எழுதுபவர்களாகவே இருந்தார்கள். நாளுக்கு முப்பது முறை எழுதுபவர் முப்பது முறை கண்ணில் படுகிறார், பகிரப்படுகிறார், அதனாலேயே பின்தொடரப்படுகிறார். மாதம் ஒருமுறை எழுதுபவரை யாரும் தற்செயலாகக் கண்டுபிடிப்பதில்லை. ஆக, கூட்டத்தைப் பொறுக்கும் முறையே வாயாடிகளின் பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஓயாத பதிவர் என்ற ஒரே பெயருக்குள் பலவகை ஆட்கள் அடங்குகிறார்கள். நாள் முழுக்கச் செய்தி தள்ளும் ஊடகக் கணக்குகள் ஒருவகை. கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் மாலையிலோ வாக்கு எண்ணும் நாளிலோ மட்டும் பந்துக்குப் பந்து, சுற்றுக்குச் சுற்று எழுதித் தீர்த்துவிட்டு அப்புறம் வாரக்கணக்கில் மௌனமாகிவிடுபவர்கள் இன்னொரு வகை. சொந்தமாக ஒருவரி எழுதாமல் பிறருடையதைப் பகிர்ந்துகொண்டே இருப்பவர்கள் உண்டு. ஒரு நடிகரின் பிறந்தநாளுக்கோ படத்தின் முன்னோட்டத்துக்கோ ஹேஷ்டேகை ட்ரெண்டிங்கில் ஏற்றுவதற்காக ஒரே வாக்கியத்தைச் சிறிது மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கில் போடும் ரசிகர் கணக்குகளைத் தமிழ் ட்விட்டரில் இருப்பவர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. விடிகாலையில் பூப்படம் அனுப்பும் உறவினர்கள் தனி இனம். இவர்களை எல்லாம் ஒரே மருந்தால் குணப்படுத்த முடியாது. கிரிக்கெட் பித்தருக்கு மூன்று மணி நேர அமைதி போதும். பகிர்வாளருக்கு அவருடைய பகிர்வுகளை மட்டும் மறைத்தால் போதும். ரசிகர் படைக்கு ஹேஷ்டேகையே அடைக்க வேண்டும்.

எண்ணிக்கை மிகும்போது வாசகர்கள் என்ன செய்கிறார்கள் என்பது ஓரளவு ஆராயப்பட்டிருக்கிறது. கொலராடோ டென்வர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் சிபோனா 2010இல் நடத்திய ஆய்வில், ஃபேஸ்புக்கில் ஒருவரை நட்பிலிருந்து நீக்க முதல் காரணமாக வந்தது, முக்கியமில்லாத விஷயங்களை அடிக்கடி பதிவிடுவது. அரசியலும் மதமும் பேசிச் சண்டை கிளப்புவது அதற்கு அடுத்த இடத்தில்தான் நின்றது. கொள்கைப் பகையைக்கூடப் பொறுத்துக்கொள்கிறவர்கள், சாப்பாட்டுத் தட்டின் நாற்பதாவது படத்தைப் பொறுப்பதில்லை. கொரியப் பயனர்களை வைத்து ஹேவூன் குவாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே போகிறது: குறுகிய நேரத்தில் சரமாரியாக ட்வீட் போடுபவர்களை மக்கள் பின்தொடர்வதை நிறுத்திக்கொள்கிறார்கள். குமுறலைத் தூண்டுவது மொத்த எண்ணிக்கை மட்டும் இல்லை, அது ஒரே மூச்சில் வந்து குவிவதும்தான்.

இந்தத் தொல்லை ஃபேஸ்புக்குக்கும் ட்விட்டருக்கும் முந்தியது. 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் திட்டமிட்ட யூஸ்நெட்டில் உலகெங்குமிருந்து செய்திகள் குழு குழுவாக வந்து சேர்ந்தன. அதைப் படிப்பதற்காக லாரி வால் 1984இல் எழுதிய ‘ஆர்என்’ என்ற நிரலில் ‘கில் ஃபைல்’ என்ற வசதி இருந்தது. ஒருவர் பெயரையோ ஒரு தலைப்பையோ அதில் எழுதி வைத்தால் அவை கண்ணில் படாது. இன்றைய மியூட் பொத்தானுக்கு அதுவே பாட்டன். யூஸ்நெட் விட்டுச்சென்ற இன்னொரு சொத்து சேத் பிரைட்பார்ட் வகுத்த குறியீட்டு எண். ஒரே செய்தியின் ஒவ்வொரு பிரதியும் எத்தனை குழுக்களுக்குப் போனதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தைக் கண்டு, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஒரே பிரதியை ஒன்பது குழுக்களுக்குச் சேர்த்து அனுப்பினால் மூன்று. ஒன்பது தனித்தனிப் பிரதிகளாக அனுப்பினால் ஒன்பது. 45 நாளில் கூட்டுத்தொகை 20ஐத் தொட்டால் அதை அழிக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். செய்தியில் என்ன இருக்கிறது என்று அந்தக் கணக்கு கேட்கவே இல்லை. கருத்தைத் தணிக்கை செய்கிறார்கள் என்ற பழி வராமலிருக்க எண்ணிக்கையை மட்டும் அளந்தார்கள். அந்த நேர்மை பின்னால் வந்த பல ஏற்பாடுகளில் இல்லை.

இன்றைய வாசகரிடம் உள்ள கருவிகள் எல்லாம் உறவை எந்த அளவுக்குத் தொடுகின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன. நட்பிலிருந்து நீக்குவதும் பிளாக் செய்வதும் கடைசிப் படி. எதிராளி தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபேஸ்புக்கில் நட்பை வைத்துக்கொண்டே அன்ஃபாலோ மட்டும் செய்யலாம். பட்டியலில் பெயர் இருக்கும், பதிவுகள் வராது. ட்விட்டர் 2014 மே மாதத்தில் மியூட்டைக் கொண்டுவந்தது. மியூட் செய்யப்பட்டவருக்கு அது தெரியவே தெரியாது. அவர் தொடர்ந்து எழுதுவார், இந்தப் பக்கம் டைம்லைனின் கதவு சாத்தியிருக்கும். இன்ஸ்டாகிராமில் இதே வசதி 2018 மே மாதத்தில் வந்தது. ஒருவருடைய சொந்தப் பதிவுகளை வைத்துக்கொண்டு அவர் பகிர்பவற்றை மட்டும் மறைக்கும் வசதி ட்விட்டரில் தொடக்க ஆண்டுகளிலிருந்தே உண்டு. பலருக்கு இது தெரியாது. தெரிந்தால் பாதி மியூட்டுகள் தேவைப்படாது.

இவற்றுள் நுட்பமானது, ஃபேஸ்புக் 2017 டிசம்பரில் அறிமுகப்படுத்திய ஸ்நூஸ். ஒருவரை 30 நாள் மட்டும் ஒதுக்கி வைக்கலாம். அதன் பிறகு அவர் தானாகவே திரும்பிவிடுவார். தேர்தல் காலத்தில் கொதிப்பவர், புதிதாகக் குழந்தை பிறந்தவர், கல்யாண ஆல்பத்தை ஒரு மாதம் தவணை முறையில் வெளியிடுபவர் ஆகியோரின் வேகம் தற்காலிகமானது. அதற்கு நிரந்தரத் தண்டனை தருவது அநியாயம். எதிர்த் திசையிலிருந்து வரும் கருவிகளும் உண்டு. ட்விட்டர் 2009இல் கொண்டுவந்த பட்டியல்கள் அத்தகையவை: ஓயாதவர்களை விரட்டுவதற்குப் பதிலாக, அமைதியாக எழுதும் இருபது பேரைத் தனிப் பட்டியலில் சேர்த்து முதலில் அதைப் படிக்கலாம். ஒருமுறை உட்கார்ந்து பொறுக்க வேண்டிய வேலை என்பதாலோ என்னவோ, இது அதற்குரிய புகழை அடையவில்லை.

தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் வாட்ஸ்அப் குழு. காலை ஐந்தரைக்குப் பெரியப்பாவிடமிருந்து ரோஜாப்பூவின் மேல் பனித்துளியும் அதன் கீழே ‘இனிய காலை வணக்கம்’ என்ற எழுத்தும் வரும். ஆறு மணிக்குள் அதற்குப் பதிலாக ஆறு கும்பிடும் கைகள், இரண்டு முருகன், ஒரு பொன்மொழி. எட்டு மணிக்கு வெந்தயத்தின் மருத்துவக் குணங்கள். தனிப்பட்ட முறையில் யாரும் தவறு செய்யவில்லை. அவரவருக்கு ஒரு படம்தான். முப்பது பேர் இருக்கும் குழுவில் அது முப்பது ஆகிறது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2018 ஜனவரியில் வெளியிட்ட செய்தி இதற்கு உலகப் புகழ் சேர்த்தது: இந்தியர்களின் போன்கள் ஏன் இடமின்றித் திணறுகின்றன என்று தேடிய கூகுள் பொறியாளர்கள் காலை வணக்கப் படங்களில் வந்து நின்றார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன் கூகுள் வெளியிட்டிருந்த ‘ஃபைல்ஸ் கோ’ செயலிக்கு, இத்தகைய படங்களை அடையாளம் கண்டு மொத்தமாக அழிப்பதற்கான பயிற்சியும் அளிக்கப்பட்டது.

குடும்பக் குழுவில் வாசகர் கையில் உள்ள ஆயுதங்கள் குறைவு. பெரியப்பாவின் எண்ணைத் தனியாக பிளாக் செய்தாலும் குழுவில் அவர் அனுப்புவது வந்துகொண்டேதான் இருக்கும். குழுவையே விட்டு வெளியேறுவது பெரிய முடிவு. 2022க்கு முன் வெளியேறினால் அது எல்லாருக்கும் அறிவிப்பாக விழும், அடுத்த நாள் அத்தை போன் செய்வார். இப்போது அட்மின்களுக்கு மட்டும் அறிவிப்பு போகும், அட்மின் அத்தையாக இல்லாதவரை நல்லது. மிஞ்சுவது குழுவை மொத்தமாக மியூட் செய்வது. முன்பு எட்டு மணி நேரம், ஒரு வாரம், ஓர் ஆண்டு என்று இருந்த கால அளவில், 2020 அக்டோபரில் ஓர் ஆண்டின் இடத்துக்கு ‘எப்போதும்’ என்பது வந்தது. இதன் விலை வேறொரு நாளில் தெரியும். அதே குழுவில்தான் கல்யாணப் பத்திரிகையும் வருகிறது, துக்கச் செய்தியும் வருகிறது. முந்நூறு படங்களுக்கு நடுவே ‘சித்தப்பா இறைவனடி சேர்ந்தார், எடுப்பு மாலை 4 மணிக்கு’ என்ற ஒருவரி கிடந்து, இரவு பத்து மணிக்குக் கண்ணில் படும். எண்ணிக்கையால் ஏற்படும் இழப்புகளில் இதுதான் மிகக் கனமானது: சத்தத்தை அடைக்கும்போது சேதியும் சேர்ந்து அடைபடுகிறது. 2018இல் வந்த ‘அட்மின்கள் மட்டும் அனுப்பலாம்’ என்ற அமைப்பைக் கொண்டு, விசேஷச் செய்திகளுக்கென்று ஒரு தனிக் குழுவை ஊமையாக வைத்திருக்கும் குடும்பங்கள் இதற்கு விடை கண்டிருக்கின்றன. வணக்கப் படங்கள் பழைய குழுவில் தம் போக்கில் ஓடலாம்.

குழு முழுவதற்கும் வேகத்தடை போடுவது மற்றொரு வழி. டெலிகிராம் 2019 ஆகஸ்டில் கொண்டுவந்த ஸ்லோ மோடில், ஒருவர் ஒரு செய்தி அனுப்பிய பின் அடுத்ததற்கு அட்மின் வகுத்த நேரம்வரை காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம்வரை வைக்கலாம். யாரையும் பெயர் சொல்லிக் கண்டிக்காமல் எல்லாருக்கும் ஒரே விதியைப் போடுவதால் மனஸ்தாபம் இல்லை.

நிறுவனங்கள் தாமே செய்யும் ஏற்பாடுகள் இரண்டு வகை: உச்சவரம்பு, வரிசை மாற்றம். எக்ஸ் எனப் பெயர் மாறிய ட்விட்டரில் ஒரு கணக்குக்கு நாளுக்கு 2,400 பதிவு என்ற வரம்பு நெடுங்காலம் இருந்துவந்தது. இது எந்திரங்களைத் தடுக்கப் போட்ட வேலி. சாதாரணப் பயனரை அது தடுத்ததாகச் சொல்ல முடியாது. யூட்யூப் போட்ட வரம்பு உருப்படியானது: ஒரு சேனல் நாளில் எத்தனை வீடியோ ஏற்றினாலும் 24 மணி நேரத்தில் மூன்று அறிவிப்புகளுக்கு மேல் பயனருக்கு அனுப்புவதில்லை. ஏற்றுவதற்குத் தடையில்லை, கதவைத் தட்டுவதற்குத்தான் கணக்கு.

வரிசை மாற்றம் என்பதே அல்காரிதம். ஃபேஸ்புக் 2006 செப்டம்பரில் நியூஸ் ஃபீடைத் தொடங்கியது. பதிவிட்டவருக்கும் வாசகருக்கும் உள்ள நெருக்கம், பதிவின் வகை, அதன் பழமை ஆகியவற்றை வைத்து எது மேலே வரும் என்று தீர்மானிக்கும் முறை அங்கே விரைவில் நிலைபெற்றது. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் 2016இல் காலவரிசையைக் கைவிட்டு இந்த வழிக்கு வந்தன. ட்விட்டர் தன் பரிந்துரை நிரலின் பெரும்பகுதியை 2023 மார்ச் 31 அன்று வெளியிட்டபோது, அதில் ஓயாத பதிவருக்கென்றே ஓர் ஏற்பாடு இருப்பதை எவரும் பார்க்க முடிந்தது. ஒரே ஆளின் பதிவுகள் அடுத்தடுத்து வராமலிருக்க, அவருடைய இரண்டாவது பதிவின் மதிப்பெண் குறைக்கப்படுகிறது, மூன்றாவதன் மதிப்பெண் இன்னும் குறைக்கப்படுகிறது. முதல் பதிவுக்கு 80 மதிப்பெண் என்று வைத்து, ஒவ்வொரு முறையும் பாதியாக்கினால், நான்காவது பதிவு பத்து மதிப்பெண்ணோடு எங்கோ அடியில் கிடக்கும். நாளுக்கு ஒன்று எழுதும் சாதாரணப் பதிவர் முப்பது மதிப்பெண்ணோடு அதைத் தாண்டிவிடுவார். பந்தியில் ஏற்கெனவே சாப்பிட்டவர் கடைசிப் பந்திக்குத் தள்ளப்படுகிறார்.

ஃபேஸ்புக் 2017 ஜூனில் இதைவிட நேரடியாக இறங்கியது. நாளுக்கு 50க்கும் மேற்பட்ட பொதுப் பதிவுகளை வழக்கமாகப் போடும் ஒரு சிறு கூட்டம் பகிரும் இணைப்புகள் பெரும்பாலும் தரமற்றவையாக, பரபரப்புக்காகவும் பொய்ச் செய்திக்காகவும் ஆனவையாக இருப்பதாகச் சொல்லி, அந்த இணைப்புகளைக் கீழே தள்ளியது. அவர்களின் படங்களோ நிலைத்தகவல்களோ தொடப்படவில்லை. எண்ணிக்கையைத் தரத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்ட முடிவு இது. பிரைட்பார்ட் கவனமாகத் தவிர்த்த இடத்தில் ஃபேஸ்புக் துணிந்து கால் வைத்தது.

அல்காரிதத்தை நம்பி வாசகர் சும்மா இருந்துவிட முடியுமா? முடியாது. அதன் நோக்கம் வாசகரின் அமைதி இல்லை, அவர் செயலியில் செலவிடும் நேரம். ஓயாத பதிவருக்கு நிறைய லைக் விழுந்தால் அதே நிரல் அவரை மேலே ஏற்றும். அவ்வப்போது எழுதும் பழைய கல்லூரித் தோழியின் பதிவு, போதிய ஊடாட்டம் இல்லை என்று காணாமல் போகும். அதனால்தான் காலவரிசை வேண்டும் என்ற குரல் ஓயவில்லை. இன்ஸ்டாகிராம் 2022 மார்ச்சில் காலவரிசை ஃபீடை விருப்பத் தேர்வாகத் திரும்பக் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பயனரின் நடத்தையை அலசாமல் இயங்கும் ஒரு தேர்வையாவது பெரிய தளங்கள் தந்தாக வேண்டும் என்கிறது. காலவரிசையும் சர்வரோகநிவாரணி இல்லை. 2020 அமெரிக்கத் தேர்தலை ஒட்டி மூன்று மாதம் சில பயனர்களைக் காலவரிசைக்கு மாற்றிப் பார்த்த ஆய்வு 2023 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அவர்கள் தளத்தில் செலவிட்ட நேரம் குறைந்தது. ஆனால் கண்ணில் பட்ட அரசியல் பதிவுகளும் நம்பகமற்ற இடங்களிலிருந்து வந்தவையும் கூடின. காலவரிசைக்குத் திரும்புவதென்றால் பதிவுக்கு ஓர் இலை என்ற பழைய பந்திக்கே திரும்புவதாகும்.

வாசகரின் பிடியை அதிகமாக்க வெளியாட்கள் செய்த முயற்சிகள் தளங்களுக்குப் பிடிப்பதில்லை. ஃபேஸ்புக்கில் எல்லாரையும் ஒரே சொடுக்கில் அன்ஃபாலோ செய்யும் பிரவுசர் நீட்சியை உருவாக்கிய பிரிட்டிஷ் நிரலாளர் லூயி பார்க்லேவுக்கு அந்நிறுவனத்திடமிருந்து நிறுத்தச் சொல்லி வக்கீல் கடிதம் வந்தது, கணக்கும் முடக்கப்பட்டது. அதை அவர் 2021இல் எழுதி வெளிப்படுத்தினார். அந்த நீட்சியின் இரண்டாம் வடிவத்தை வெளியிட வழிகோரிப் பேராசிரியர் ஈதன் ஜக்கர்மன் 2024 மே மாதத்தில் மெட்டா மீது தொடுத்த வழக்கு அந்த நவம்பரில் தள்ளுபடியானது. திறந்த அமைப்புடைய புளூஸ்கையில் நிலைமை வேறு. அங்கே பயனர்களே ஃபீடுகளை உருவாக்கலாம். பின்தொடர்பவர்களில் குறைவாக எழுதுபவர்களின் பதிவுகளை மட்டும் பொறுக்கித் தரும் ‘அமைதிப் பதிவர்கள்’ என்ற பொருள்படும் ஃபீடு அங்கே பலருக்குப் பிடித்தமானது.

இத்தனை கருவிகளுக்கும் மேலான தீர்வு ஒன்று, வேறொரு நோக்கத்துக்காகப் பிறந்தது. ஸ்னாப்சாட் 2013இல் தொடங்கி, இன்ஸ்டாகிராம் 2016 ஆகஸ்டிலும், ஸ்டேட்டஸ் என்ற பெயரில் வாட்ஸ்அப் 2017 பிப்ரவரியிலும் எடுத்துக்கொண்ட ஸ்டோரி அது. அதில் ஒருவர் நாளுக்கு ஒன்று போட்டாலும் முப்பது போட்டாலும் மேலே தெரிவது ஒரே ஒரு வட்டம். விருப்பமிருப்பவர் தொட்டுத் திறக்கலாம், அலுத்தால் பாதியில் அடுத்தவருக்குத் தாவலாம். யாரும் யாருடைய இடத்தையும் பிடிப்பதில்லை. ஆளுக்கு ஓர் இலை என்ற பந்தி வழக்கத்துக்குக் கிட்டே வந்த வடிவம் இதுவே. காலை வணக்கப் படங்களைக் குழுவிலிருந்து ஸ்டேட்டஸுக்கு மாற்றிவிட்ட பெரியவர்கள், தங்களை அறியாமலேயே வீட்டாருக்குப் பெரும் உபகாரம் செய்திருக்கிறார்கள்.

டைம்லைனைத் திருத்த முனைபவர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். ஸ்நூஸ் 30 நாளில் தானே விலகிவிடும். மியூட்டும் அன்ஃபாலோவும் அப்படி விலகுவதில்லை. கிரிக்கெட் சீசனில் போட்ட மியூட் அந்த மனிதர் ஊர் மாறி, வேலை மாறி, எழுதுவதையே குறைத்துக்கொண்ட பிறகும் நிற்கும். மியூட் செய்தவர்களின் பட்டியல் அமைப்புகள் பகுதியில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைத் திறந்து பாருங்கள்.